தெருவில் ஆடிய பிள்ளைகளும் ஏட்டில் ஆடும் பிள்ளைகளும்: ஆங்கிலத் தொழிலாளர் தெருக்களின் விளையாட்டு நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

முதுமையில் எழுதப்பெறும் இளமை வரலாறுகளுள் விளையாட்டைப் பற்றிய பகுதியே பெரும்பாலும் தங்குதடையின்றி ஓடுகின்றது. பசியை எழுதப் புகுந்தால் கை தயங்கும். தந்தையின் குடியை எழுத நாணம் தடுக்கும். கோலிக்குண்டையும் பம்பரத்தையும் எழுத மட்டும் எவர்க்கும் தயக்கமில்லை. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில், ஒன்றோடொன்று ஒட்டி நின்ற வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் எழுதிய நூல்கள் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மிகுதியாக வெளிவந்தன. அவற்றை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. அத்துணை வறுமையின் நடுவே இத்துணை மகிழ்ச்சி உண்மையிலேயே இருந்ததா, அன்றி ஐம்பது ஆண்டு கழித்து நினைவு தானே பூசிக்கொண்ட வண்ணமா என்பதே அவ்வையம். இது வெறும் இலக்கிய ஆர்வத்தின்பாற் பட்ட வினா அன்று. அத்தெருக்களின் தோற்றத்தில் மயங்கி மாடிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. இக்காலப் பிள்ளைகள் விளையாடத் தெரியாதவர்கள் என்னும் தீர்ப்பும் அந்நினைவுகளைக் காட்டியே வழங்கப்படுகின்றது.

முதற்கண் அத்தெருக்களின் அமைப்பை அறிதல் வேண்டும். 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திற்குப் பின்னர், ஊராட்சி மன்றங்கள் துணைவிதிகள் வகுத்துத் தெருவின் அகலத்தையும் வீட்டின் பின்புற வெளியையும் வரையறுத்தன. 1877இல் வெளியான மாதிரி விதிகள் வண்டி செல்லும் தெருவிற்கு 36 அடி அகலம் கேட்டன. கீழே இரண்டறை, மேலே இரண்டறை. முன்கதவைத் திறந்தால் கால் வைப்பது நடைபாதைக் கல்லின்மேல். பின்னே நிலக்கரியும் கழிப்பிடமும் அடைத்துக்கொண்ட சிறு முற்றம். லீட்ஸ் நகரில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் 1937 வரையிலும் கட்டப்பட்டு வந்தன. அவற்றிற்கு அம்முற்றமும் இல்லை. தோட்டத்து லயன் வீடுகளை அறிந்தவர்க்கு இதனைப் பெரிதும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் லயத்திற்கு முன்னே வெளியும் பின்னே மரமும் இருந்தன; அங்கோ தெருவைத் தவிர வேறிடம் இல்லை. ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தாய் அடுப்பை மூட்டவேண்டுமாயின் பிள்ளைகள் வெளியே சென்றே தீரவேண்டும். தெரு விளையாட்டு என்பது விருப்பத்தினால் தோன்றியதன்று, இடமின்மையால் தோன்றியது. நினைவு நூல்களைப் படிக்குங்கால் இதனை மறவாதிருத்தல் நலம்.

இடமில்லாத பிள்ளைகள் கண்ணிற் பட்டதையெல்லாம் கருவியாக்கிக்கொண்டனர். விளக்குக் கம்பத்தின் குறுக்குக் கையில் கயிற்றைக் கட்டினால் ஊஞ்சல். வரிசையின் கடைசி வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் மூன்று கோடு இழுத்தால் கிரிக்கெட்டிற்குரிய முளைகள். நடைபாதைச் சதுரக் கற்களோ நொண்டியாட்டத்திற்கென்றே பதித்தவை போன்றிருந்தன. நம்மவர் கிட்டிப்புள் என்று கூறும் ஆட்டம் அங்கே வடபகுதிகளில் ‘பிக்கி’, ‘பெக்கி’ என்னும் பெயர்களால் வழங்கிற்று. இருபுறமும் கூராக்கிய சிறு கட்டையை நுனியில் தட்டி எழுப்பி, வானில் இருக்கும்போதே அடித்துத் தொலைவில் வீழ்த்தும் அதே ஆட்டம். சங்கப் பாடல்களில் கழங்கு என வரும் ஆட்டத்தோடு ஒத்த ஐந்து கல் ஆட்டமும் அத்தெருக்களில் இருந்தது. சிகரெட்டுப் பெட்டிக்குள் வரும் படச்சீட்டுகளைச் சுவரோரம் சுண்டி வெல்வதும் ஒரு பெரும்பொழுதாக இருந்தது. 1940இல் போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டினால் அச்சீட்டுகள் நின்றுபோக, ஆட்டமும் மெல்ல மறைந்தது. ஒரு விளையாட்டு அழிந்துவிட்டது என்று புலம்புவோர் பிள்ளைகளின் மனமாற்றத்தைக் குறைகூறுமுன், இவ்வாறு கடைக்காரன் சரக்கை நிறுத்திவிட்டானா என்றும் பார்ப்பது நன்று.

இத்துறையில் முதலில் எடுத்துக்கொள்ளத் தக்கவர் ரிச்சர்டு ஹாகர்ட். 1918இல் லீட்ஸ் நகரில் பிறந்து, தாய் தந்தையரை இழந்து, ஹன்ஸ்லெட் பகுதியில் பாட்டியிடம் வளர்ந்தவர். ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பில் வயதுவந்தோர்க்கு வகுப்பு நடத்திவந்த காலத்தில், 1957இல் ‘தி யூசஸ் ஆவ் லிட்டரசி’ என்னும் நூலை வெளியிட்டார். எழுத்தறிவின் பயன்கள் என்பது அப்பெயரின் பொருள். நூலின் முற்பாதி, தாம் பிறந்த வகுப்பாரின் வாழ்க்கையை நினைவிலிருந்து வரைகின்றது. பிற்பாதி, 1950களில் விற்பனையான மலிவு இதழ்களையும் கதைகளையும் பாட்டுகளையும் ஆராய்கின்றது. முற்பாதியில் தெருவிளையாட்டு வரும் பக்கங்கள் சிலவே. எனினும் அவை நெஞ்சில் நிற்கின்றன. நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்கு மரங்கள் எவ்வாறோ அவ்வாறே நகரத்துப் பிள்ளைகளுக்கு விளக்குக் கம்பங்கள் என்று அவர் கண்டது, ஆங்குப் பிறந்தவர்க்கன்றிப் பிறர்க்குத் தோன்றாது.

ஆனால் ஹாகர்ட்டின் முறையில் ஒரு குறை உண்டு. முற்பாதியை 1920களிலும் 1930களிலும் கண்ட நினைவிலிருந்து எழுதுகின்றார். பிற்பாதிக்கு அவர் எடுத்துக்கொண்டது 1950களின் அச்சுத்தாள். ஒருபுறம் உயிருள்ள மனிதர், மறுபுறம் கடையில் தொங்கும் இதழ். இவ்விரண்டையும் ஒரு தராசில் வைத்தால் தட்டு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. 1950களில் அதே தெருவில் விளையாடிய பிள்ளைகளிடம் சென்று ‘என்ன ஆடுகின்றீர்கள்?’ என்று அவர் கேட்டிருந்தால் நூலின் முடிவு சற்று மாறியிருக்கக் கூடும். பழமையை விரும்பும் மனம் தம்மை இழுத்துச் செல்லக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே அவர் ஒப்புக்கொள்ளுகின்றார். ஒப்புக்கொண்டமை நேர்மை, ஆயினும் ஒப்புக்கொண்டதனால் மட்டும் குறை நீங்கிவிடாது.

அந்நூலின் மிகச் சிறந்த பகுதி வேறொன்று. உதவிச் சம்பளம் பெற்று உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் ஏழை மாணவனைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதியே அது. மாலையில் விளக்குக் கம்பத்தைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தில் அவனுக்கு இனி முழு இடம் இல்லை, வீட்டுப்பாடம் இருக்கின்றது. குடும்பத்தார் அனைவரும் பேசிக்கொண்டிருக்கும் ஒரே அறையில், மேசையின் ஒரு மூலையில் அவன் தனியே அமர்ந்து எழுதுகின்றான். வெளியே கூச்சல் கேட்கின்றது. இந்தப் பக்கங்களைப் படித்த ஆசிரியர் எவரும் எளிதில் தூங்கியிருக்க மாட்டார். கெட்டிக்கார மாணவனைத் தேர்ந்தெடுத்து, தட்டிக்கொடுத்து, தேர்வுக்கு அனுப்பி, அவன் வெற்றி பெற்றதும் பெருமை கொள்வது ஆசிரியத் தொழிலின் தலையாய இன்பம். அவ்வின்பத்திற்கு அச்சிறுவன் கொடுத்த விலை என்ன என்பதை ஹாகர்ட் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

இங்கேதான் நினைவு நூல்கள் அனைத்திற்கும் பொருந்தும் ஒரு திறவுகோல் கிடைக்கின்றது. தெருவிளையாட்டைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவ்விளையாட்டை இடையில் விட்டு வெளியேறியவர்கள். பதினொரு வயதில் வெளியேறியவனுக்கு அத்தெரு என்றும் பதினொரு வயதுத் தெருவாகவே நின்றுவிடுகின்றது. அங்கேயே இருந்து, பதினான்கு வயதில் ஆலைக்குச் சென்று, அதே தெருவில் மணம்புரிந்து, தன் பிள்ளை பந்தடித்து உடைத்த கண்ணாடிக்குப் பணம் கொடுத்தவன் நூல் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதன் சுவை வேறாக இருந்திருக்கும்.

ஏறத்தாழ அவ்வாறு எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் ராபர்ட் ராபர்ட்ஸ். 1905இல் சால்போர்டு நகரில், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பள்ளியை விட்டுத் தொழிலுக்குச் சென்று, பின்னர் தாமே கற்று ஆசிரியராகிச் சிறைக் கைதிகளுக்குப் பாடம் சொன்னவர். 1971இல் வெளிவந்த ‘தி கிளாசிக் ஸ்லம்’, அவர் மறைந்த பின் 1976இல் வெளிவந்த ‘எ ராகெட் ஸ்கூலிங்’ ஆகிய இரண்டும் அவர் புகழுக்குரியவை. ஏழைத் தெருவில் எல்லோரும் ஒன்று என்னும் இனிய கற்பனையை அவர் ஈவிரக்கமின்றி உடைக்கின்றார். தெருவுக்குத் தெரு மதிப்பு வேறு; ஒரே தெருவிலும் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரினும் மேலானோராகக் கருதப்பட்டனர். கடைக்காரர் குடும்பம் அந்த ஏணியின் மேற்படியில் இருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கடையின் கணக்கேட்டைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு எந்த வீட்டில் எந்தக் கிழமையில் ரொட்டி இல்லை என்பது தெரியும். ஆகவே அவர் கண்ட தெரு வேறு, பாட்டியின் அரவணைப்பிலிருந்து ஹாகர்ட் கண்ட தெரு வேறு. இருவரும் பொய் கூறவில்லை. ராபர்ட்ஸின் சாட்சியம் வலியது என்று கொள்ளுதலே தகும். ஏனெனில் தமக்கு இனிப்பாக இருந்ததையும் அவர் பிறர்க்குக் கசந்ததோடு சேர்த்தே எழுதுகின்றார்.

நினைவு நூல்கள் பல விரைவாகக் கடந்துபோகும் இரண்டு செய்திகளை இங்கே குறிப்பிடல் வேண்டும். ஒன்று, உழைப்பு. லங்காஷயர் நூலாலைகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் கழித்தனர். 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அவ்வழக்கத்திற்கு முடிவு கட்டியது. அதுவும் 1921இல்தான் முழுதும் நடைமுறைக்கு வந்தது. காலையில் தறியருகே நின்ற பிள்ளை பிற்பகல் வகுப்பில் உறங்கி விழுந்தால், மாலையில் எவ்வளவு நேரம் பம்பரம் விட்டிருக்கும்? மற்றொன்று, சட்டம். 1839ஆம் ஆண்டின் லண்டன் காவற்சட்டப்படி, தெருவில் பிறர்க்கு இடையூறாகப் பட்டம் விடுதலும் ஆடுதலும், பனியில் சறுக்குப்பாதை அமைத்தலும், காரணமின்றிக் கதவைத் தட்டுதலும் 40 சில்லிங் வரை தண்டம் விதிக்கத் தக்க குற்றங்கள். கதவைத் தட்டிவிட்டு ஓடும் ஆட்டத்தைப் புன்னகையோடு வருணிக்கும் நூல்களுக்குக் குறைவில்லை. அது குற்றவியல் ஏட்டில் இருந்த செயல் என்பதை எடுத்துச் சொல்லும் நூல்கள் சிலவே. தெருவிளையாட்டு ஒருபோதும் உரிமையாக இருந்ததில்லை. காவலர் வரும்வரை நீடித்த சலுகையே அது. 1936இல் சால்போர்டு நகரம் சில தெருக்களை வண்டிகள் நுழையாமல் அடைத்துப் பிள்ளைகளுக்கு விட்டது. 1938இல் அதற்கென நாடாளுமன்றச் சட்டமும் வந்தது. நீதிமன்றத்திற்குப் பிள்ளைகளை இழுத்துச் செல்வதில் சலிப்புற்ற பின்னரே இந்நல்லறிவு பிறந்தது என்பது கருதத்தக்கது.

பெண்பிள்ளைகளைப் பற்றிய குறை இதனினும் பெரிது. ஆண்கள் எழுதிய நூல்களில் பெண்பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டும் பாடிக்கொண்டும் தெருவின் ஒரு பக்கத்தில் அழகாகத் தோன்றுவர். அவர்களுள் பலருடைய இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்ததையும், அக்குழந்தை அழுதால் ஆட்டம் நின்றதையும் காணவேண்டுமாயின் பெண்கள் எழுதியவற்றைப் புரட்டவேண்டும். பர்மிங்காம் நகரத்து முற்ற வீடுகளில் வளர்ந்த காத்லீன் டேயஸ் தம் எழுபதுகளின் இறுதியில், 1982இல், ‘ஹெர் பீப்பிள்’ என்னும் நூலை வெளியிட்டார். பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயும் கழிப்பிடமும், கடுஞ்சொல் பேசும் தாயும், அடகுக் கடையும் நிறைந்த அந்நூலில் சிரிப்பும் இருக்கின்றது; ஆனால் அது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. கரோலின் ஸ்டீட்மன் 1986இல் எழுதிய ‘லாண்ட்ஸ்கேப் பார் எ குட் உமன்’ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. ஹாகர்ட் போன்றோர் தொழிலாளர் வீட்டுத் தாயை வாயில்லாத தெய்வமாக்கி நிறுத்திவிட்டனர் என்பதும், அவளுக்கும் பொறாமையும் ஆசையும் மனக்கசப்பும் உண்டென்பதை மறந்தனர் என்பதும் அவர் வாதம். வாதம் சிற்சில இடங்களில் மிகைப்படுகின்றது. ஆயினும் அதனைப் படித்தபின் ஹாகர்ட்டின் நூலை முன்போல் படித்தல் இயலாது.

நினைவை விடுத்து, திரட்டியோர் பக்கம் வருவோம். ஆலிஸ் காம் அம்மையார் 1894இலும் 1898இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளின் ஏறத்தாழ 800 விளையாட்டுகளைக் கூறுகின்றது. உழைப்பு வியக்கத்தக்கது. ஆனால் அவருக்குச் செய்தி எழுதி அனுப்பியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். தம் இளமையை நினைந்து எழுதியவர்கள். ஆதலின் இதுவும் ஒருவகையில் நினைவு நூலே. மேலும், ‘லண்டன் பாலம்’ என்னும் ஆட்டம் பண்டைக்காலத்தில் பாலத்தின் அடியில் நரபலி இட்ட வழக்கின் எச்சம் என்பது போன்ற அம்மையாரின் விளக்கங்கள், பிள்ளைகள் ஏன் இன்றும் அதனை ஆடுகின்றனர் என்னும் வினாவைத் தொடுவதேயில்லை. நார்மன் டக்ளஸ் 1916இல் வெளியிட்ட ‘லண்டன் ஸ்டிரீட் கேம்ஸ்’ லண்டன் தெருப்பிள்ளைகளின் சொல்லிலேயே ஆட்டப் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குகின்றது. மொழியின் உயிர்ப்பில் அதற்கு நிகரில்லை. எனினும் அதே 1916இல் சிறுவனொருவனிடம் முறைகேடாக நடந்ததாக வழக்குக்கு ஆளாகி, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறியவர் அவ்வாசிரியர். நூலைப் பயன்படுத்துவோர் இதனையும் அறிந்தே பயன்படுத்தல் வேண்டும். பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கும் கண்கள் எல்லாம் நல்ல கண்கள் அல்ல.

பீட்டர் ஓப்பி, ஐயோனா ஓப்பி என்னும் கணவன் மனைவியரே இத்துறையின் போக்கை மாற்றினர். எந்தக் கல்லூரியையும் சாராதவர்கள். 1959இல் வெளிவந்த அவர்களுடைய ‘தி லோர் அண்டு லாங்குவேஜ் ஆவ் ஸ்கூல்சில்ரன்’ ஏறத்தாழ 70 பள்ளிகளின் 5,000 மாணவரிடமிருந்து திரட்டப்பட்டது. 1969இல் வெளிவந்த தெரு விளையாட்டு நூலுக்கு 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் செய்தி தந்தனர். பெரியவர்களின் நினைவைக் கேளாமல், ஆடும் பிள்ளையையே கேட்டதுதான் அவர்கள் செய்த புரட்சி. அதற்குத் துணைநின்றோர் ஆங்காங்கிருந்த பள்ளியாசிரியர்கள்.

அம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆட்டத்தின் நடுவே காலணி அவிழ்ந்தால், மூச்சுத் திணறினால், விரல்களைப் பின்னிக் காட்டி ஒரு சொல்லைச் சொன்னால் துரத்துபவன் தொடக்கூடாது. எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கமே. அச்சொல் யாது என்று ஓப்பி தம்பதியர் ஊர்தோறும் கேட்டனர். லண்டனில் ‘பெய்னைட்ஸ்’, பிரிஸ்டல் பக்கத்தில் ‘கிரீ’, டர்ஹம், நியூகாசில் பகுதிகளில் ‘ஸ்கிஞ்ச்’, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளிலும் ‘பார்லி’. நாட்டுப்படத்தில் குறித்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் தனி ஆட்சிப் பரப்பு இருந்தது. ‘பார்லி’ என்னும் சொல் பதினான்காம் நூற்றாண்டுக் காவியமான ‘சர் கவைன்’ கதையில் வரும் சொல்லோடு தொடர்புடையதெனக் கருதுவர். அகராதி ஆசிரியர் கைவிட்ட சொல்லை எட்டு வயதுச் சிறுவன் அறுநூறு ஆண்டுகளாகத் தெருவில் காத்துவந்திருக்கின்றான். வளர்ந்தபின் அவனே அதனை மறந்துவிடுகின்றான் என்பதும் கருதத்தக்கது. இத்தகைய செய்தி நினைவு நூல் எதிலும் கிட்டாது. நினைவு, ஆட்டத்தின் இன்பத்தை வைத்துக்கொண்டு அதன் விதிகளை நழுவவிட்டுவிடும்.

தமிழில் இத்தகைய முயற்சி பிந்தியதன்று என்பதை ஈண்டுக் கூறாதிருத்தல் கூடாது. ஓப்பி தம்பதியரின் 1959ஆம் ஆண்டுத் தொகுப்பிற்கு ஐந்தாண்டு முன்னரே, 1954இல், மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ வெளிவந்துவிட்டது. ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் அவர் வகுத்த பகுப்பு, துரத்தல், தேடல் என்பன போன்ற ஓப்பி தம்பதியரின் பகுப்பினின்றும் வேறுபட்டது. பிள்ளைகளுக்கு எந்நேரம் ஓய்வு என்பதும், யாரோடு யார் ஆடலாம் என்பதும் பாவாணரின் பகுப்பிலேயே விளங்கிவிடுகின்றன. சொற்பிறப்பில் அவர்க்கிருந்த ஈடுபாடு சிலவிடங்களில் ஆட்டத்தை மறைத்துவிடுவது உண்மை. அதற்காக நூலை ஒதுக்குவது பேதைமை.

இனி, விளையாட்டுகள் அழிந்தனவா என்னும் வினா. அவை அழிகின்றன என்னும் நம்பிக்கையே ஒரு பழைய மரபு என்று ஓப்பி தம்பதியர் எள்ளலாக எழுதினர். இன்று வருந்தும் முதியவர் சிறுவராய் ஆடிக்கொண்டிருந்த நாளிலும் அன்றைய முதியவர் அவ்வாறே வருந்தினர் என்பது அவர்கள் கூற்று. இது பெரிதும் உண்மையே. 2009க்கும் 2011க்கும் இடையில் லண்டன், ஷெப்பீல்டு நகரப் பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சியும், கைதட்டுப் பாட்டும் துரத்தாட்டமும் தொலைக்காட்சிக் கதைகளைத் தின்று செரித்துக்கொண்டு வாழ்கின்றன என்றே காட்டிற்று.

ஆனால் அவை எங்கே வாழ்கின்றன என்பதைக் காணல் வேண்டும். பள்ளி முற்றத்தில் வாழ்கின்றன, தெருவில் இல்லை. பிரிட்டனில் தனியார் கார்கள் 1950இல் ஏறத்தாழ 20 இலட்சம். 1970இல் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. 36 அடித் தெருவில் இருமருங்கும் கார்கள் நின்றால் எஞ்சுவது எவ்வளவு? 1990இல் வெளியான ‘ஒன் பால்ஸ் மூவ்’ என்னும் ஆய்வறிக்கை, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971இல் நூற்றுக்கு 80 எனவும், 1990இல் நூற்றுக்கு 9 எனவும் கண்டது. இதுவே உண்மையான இழப்பு. நொண்டியாட்டம் போகவில்லை, பெரியவர் கண்ணில் படாமல் நொண்டியாடும் உரிமை போயிற்று. நினைவு நூலாசிரியர்கள் தாம் இழந்ததாக நினைத்தது ஆட்டத்தை. அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருப்பதோ, தாய் ‘இருட்டுமுன் வா’ என்று மட்டும் சொல்லி அனுப்பிய அந்த நீண்ட பொழுதை.

இந்த வேறுபாட்டை உணராதவர்கள் செய்த பிழை கல்லிலும் காரையிலும் எழுந்து நின்றது. 1949 முதல் சில ஆண்டுகள் நைஜல் ஹென்டர்சன் லண்டன் பெத்னல் கிரீன் பகுதியில் தெருப்பிள்ளைகளைப் படம் பிடித்தார். கட்டடக் கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதியர் அப்படங்களை 1953இல் பிரான்சு நாட்டில் நடந்த கட்டடக் கலைஞர் மாநாட்டில் வைத்து, தெருவின் உயிரைப் புதிய கட்டடத்திற்குள் கொணரவேண்டுமென வாதிட்டனர். அதன் விளைவாக 1972இல் கிழக்கு லண்டனில் எழுந்தது ‘ராபின் ஹுட் கார்டன்ஸ்’. மூன்று மாடிக்கொன்றாக அமைந்த அகன்ற நடைவழி, ‘வானத்துத் தெரு’ எனப் புகழப்பட்டது. நடைவழி இருந்தது, வாசற்படியில் அமர்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்திருக்கும் பாட்டி இல்லை, மூலைக் கடை இல்லை, இருபக்கமும் வீடுகள் இல்லை. 2017இல் அக்கட்டடத்தை இடிக்கத் தொடங்கினர். ரோஜர் மேய்ன் 1956 முதல் 1961 வரை படமெடுத்த சவுதம் தெருவின் பெரும்பகுதியும் இன்றில்லை. அவர் படங்களில் கூரைமுகப்புகள் சிதைந்திருக்கின்றன, பிள்ளைகள் பறக்கின்றனர். படத்தைப் பார்ப்போர் பிள்ளைகளைப் பார்த்தனர். குடியிருந்தோர் ஒழுகும் கூரையைப் பார்த்தனர்.

பள்ளியாசிரியர்க்குச் சுருக்கென்று தைக்கும் ஒரு செய்தியும் ஓப்பி தம்பதியரின் 1969ஆம் ஆண்டு நூலில் உண்டு. தெருவில் தம் விருப்பம்போல் ஆடும் பிள்ளைகளினும், பள்ளி முற்றத்தில் அடைக்கப்பட்ட பிள்ளைகளே முரட்டுத்தனமாக ஆடுகின்றனர் என்று அவர்கள் கண்டனர். தெருவிலே பத்துப்பேர், பெரியவன் சிறியவனுக்கு விட்டுக்கொடுப்பான், பிடிக்காவிட்டால் வீட்டிற்குப் போகலாம். முற்றத்திலே நானூறு பேர், போக்கிடமில்லை, மணியடித்தால் நின்றுவிட வேண்டும். ஒழுங்கைக் கற்பிக்கும் இடமே ஒழுங்கின்மையை வளர்க்கின்றது என்னும் இக்குற்றச்சாட்டிற்கு ஆசிரியருலகம் இன்னும் நேரான விடை தரவில்லை. கண்காணிப்பாளரைக் கூட்டுவது விடையாகாது.

எனினும் செவிகொடுத்த ஆசிரியர்களும் இருந்தனர். எடின்பரோ நகரத்து நார்டன் பார்க் பள்ளியின் ஆசிரியர் சிலர் 1951இல் ‘தி சிங்கிங் ஸ்டிரீட்’ என்னும் குறும்படத்தைத் தாமே எடுத்தனர். அவ்வூர்த் தெருக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு இடைப்பட்டவை. ஆயினும் அங்கும் தெருவே முற்றம். மாணவிகள் பாடுகின்றனர், கயிறு தாண்டுகின்றனர், பந்தைச் சுவரில் அடிக்கின்றனர். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ரிட்சி 1964இலும் 1965இலும் அப்பாட்டுகளை இரு நூல்களாக்கினார். ஐயோனா ஓப்பியோ 1970 முதல் பல ஆண்டுகள், வாரத்தில் ஒருநாள், ஹாம்ப்ஷயரில் தம் வீட்டிற்கு அண்மையிலுள்ள லிஸ் என்னும் ஊர்ப் பள்ளிக்குச் சென்று இடைவேளை நேரத்தில் முற்றத்தில் நிற்பார். 1993இல் அக்குறிப்புகள் ‘தி பீப்பிள் இன் தி பிளேகிரவுண்டு’ என்னும் நூலாயின. அதில் இளமை நினைவு ஒருவரியும் இல்லை. பிள்ளைகள் அவரிடம் ஓடிவந்து, முன்வாரம் சொன்ன வேடிக்கைக் கதையையே மீண்டும் புதிதுபோல் சொல்கின்றனர். அவர் அதனையும் தேதியிட்டு எழுதிக்கொள்ளுகின்றார்.